பேயாகும் உரிமை

எடின்பரோ நகரில் இரவு எட்டு மணிக்குக் கட்டணம் செலுத்திப் பேய் பார்க்கப் போனோம் என்று ஊர் திரும்பிச் சொன்னபோது, கல்லூரி ஓய்வறையில் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. “நம் விடுதிக் கிணற்றடியில் இலவசமாகவே காட்டுவார்களே” என்றார் இயற்பியல் துறை நண்பர். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஆயினும் அந்த இரவு எங்களுக்குள் கிளப்பிவிட்ட கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். ஒருவருக்குத் தமிழிலக்கியமும் மற்றவருக்கு வரலாறும் சோறு போடுகின்றன. எடின்பரோவில் வேலை பார்க்கும் மைத்துனர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். சென்ற அக்டோபர் இறுதியில்தான் வாய்த்தது. அந்த மாதத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கடைகளும் காட்சிசாலைகளும் மூடிய பிறகு, நீண்ட இரவை வைத்துக்கொண்டு ஒரு பயணி என்ன செய்வான்? அந்த ஊர் அதற்கு விடை வைத்திருக்கிறது. கோட்டையிலிருந்து அரண்மனை வரை இறங்கிச் செல்லும் பழைய பெருந்தெருவில், கறுப்பு அங்கி அணிந்த இளைஞர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருபது முப்பது பேர் சேர்ந்ததும் நடை தொடங்குகிறது. பதின்மூன்று வயது நிரம்பிய மைத்துனர் மகள் எங்களுடன் வந்தாள். அவள் வராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

வழிகாட்டியுடன் பேயுலகைச் சுற்றிவருவது வெள்ளைக்காரரின் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் கதை வருகிறதே, அது என்ன? புகாருக்கு வெளியே கிடக்கும் அந்த ஈமப்புறங்காட்டை மணிமேகலா தெய்வம் பகுதி பகுதியாக விவரிக்கிறது. எரிப்பவர், புதைப்பவர், தாழியில் கவிப்பவர் என ஒருவரையும் விடவில்லை. அங்கே தனியே போன சார்ங்கலன் என்னும் சிறுவன் பேயாட்டம் கண்டு அச்சத்தாலேயே உயிர் விடுகிறான். அவன் தாய் கோதமை சம்பாபதி தெய்வத்திடம் மகனின் உயிரைத் திருப்பிக் கேட்கிறாள். எல்லாத் தெய்வங்களும் கூடி வந்தும் அது இயலவில்லை. ஆக, வழிகாட்டி இருக்கிறார், சுடுகாடு இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. சாத்தனாருக்கு நடுக்கம் ஒரு படிக்கட்டு. அதில் ஏறி அவர் ஒரு தாயின் துயரத்துக்குப் போய்ச் சேர்கிறார். எடின்பரோவில் எங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்ற ஆவலுடன்தான் நடந்தோம்.

முதல் நிறுத்தம் கோட்டையின் வாயிலை ஒட்டிய மேட்டுத்தெரு. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கழுத்தை நெரித்து எரித்த இடம் இதுதான் என்றார் வழிகாட்டி. இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல், நல்ல நாடகப் பயிற்சி. முடிக்கும்போது தம் மாமியாரைப் பற்றி ஒரு நகைச்சுவை உதிர்த்தார். கூட்டம் சிரித்தது. அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட இல்லை.

அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறோம். ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை சூனியம் சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஏறத்தாழ 3,800 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டதாக ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவர்களது மதிப்பீடு. பெரும்பாலோர் பெண்கள். ஆக்னஸ் சாம்சன் என்பவர் கிழக்கு லோதியன் சிற்றூர் ஒன்றில் மருத்துவச்சி. பேறு பார்ப்பதும் நோய் தீர்ப்பதும் அவர் தொழில். 1590 இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் டென்மார்க்கிலிருந்து மணப்பெண்ணுடன் திரும்பிய கடற்பயணத்தில் புயல் அடித்தது. புயலை ஏவியது யார் என்ற தேடல் இந்த மருத்துவச்சியிடம் வந்து நின்றது. மன்னரே நேரில் விசாரித்தார். வதைக்குப் பின் ஒப்புக்கொண்ட அவர் 1591 ஜனவரி 28 அன்று இந்த மேட்டில்தான் கொல்லப்பட்டார். பேறு பார்த்த கைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு எழுந்திருக்குமா?

அதே மேட்டில், சுவரோடு சுவராக ஒரு சிறிய உலோக நீரூற்று இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்துக்குப் பத்தடித் தொலைவில்தான் இருந்தது. விளக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1894 இல் பாட்ரிக் கெட்டிஸ் அமைக்கச் செய்த நினைவுச் சின்னம் அது. இந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்கத் தேவையில்லை. நகரமைப்பு அறிஞரான அதே கெட்டிஸ்தான் 1914 இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதியவர். பழைய தெருக்களை இடித்து அகலச் சாலை போடத் துடித்த அதிகாரிகளிடம், கெட்டுப்போன வீட்டை மட்டும் நீக்கினால் போதும், தெருவின் உயிரைத் தொடாதீர்கள் என்று வாதாடினார். அந்தப் பாடத்தை அவர் முதலில் கற்றது எடின்பரோவின் இந்தக் குறுகிய சந்துகளில்தான். வசதியானவர்கள் கைவிட்டுப் போன இந்தப் பகுதியில் மனைவியுடன் குடியேறி வீடு வீடாகச் செப்பனிட்டார். இன்று பேய்நடைக்காரர்களுக்குச் சந்துகள் மிச்சம் இருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மறுநாள் பகலில் போய் அந்த நீரூற்றைப் பார்த்தோம். இரண்டு பெண் தலைகள். ஒன்று கடுகடுத்தது, மற்றொன்று அமைதியானது. ஒரு பாம்பு. ஃபாக்ஸ்குளோவ் என்னும் பூச்செடியின் கிளை. நஞ்சும் அதுவே, இதய மருந்தும் அதிலிருந்தே. அருகிலுள்ள வாசகம், சிலர் தம் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தினர், சிலர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டனர் என்ற பொருளில் பேசுகிறது. கெட்டிஸின் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. அதற்கு முன்பு அங்கே நினைவுகூரவே ஆளில்லை. ஆனால் எரிக்கப்பட்டவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துக் காட்டுவது இன்று படிக்கும்போது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பிரிக்க வேண்டியிருந்தது எரித்தவர்களை அல்லவா? 2022 மார்ச் 8 அன்று, அப்போது ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் இந்தப் பெண்களுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். ஓர் அரசு மன்னிப்புக் கேட்டுவிட்ட பிறகும், அதே இடத்தில் மாமியார் நகைச்சுவை தொடர்கிறது.

இரவு நடைக்கு வருவோம். அடுத்து எங்களை ஒரு பாலத்துக்கு அடியில் இறக்கினார்கள். 1788 இல் திறக்கப்பட்ட தெற்குப் பாலம் அது. பத்தொன்பது வளைவுகளில் ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மற்றவை இருபுறமும் எழுந்த கட்டடங்களுக்குள் மறைந்துவிட்டன. அந்த வளைவுகளுக்குள் தளம் போட்டு அறைகள் ஆக்கினார்கள். முதலில் தொழில் செய்பவர்களும் சரக்கு வைப்பவர்களும் இருந்தார்கள். மேலே பாலத்திலிருந்து நீர் கசிந்தது. அவர்கள் போனார்கள், போக்கிடம் இல்லாத ஏழைகள் வந்தார்கள். வழிகாட்டி விளக்கை அணைத்தார். யாரோ பிடரியில் மூச்சு விட்டது போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், எங்கள் இருவருக்குமே அப்படி இருந்தது. 2001 இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்னும் உளவியலாளர் இதே அறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை நிறுத்திச் சோதித்திருக்கிறார். பேய் உண்டு என்று பெயர் வாங்கிய அறைகளில்தான் விநோத உணர்வுகளும் மிகுதியாகப் பதிவாயின. அறையின் அளவு, வெளிச்சத்தின் மாறுபாடு போன்றவற்றோடு அவை பொருந்திப் போயின. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது பாடநூல் நம்பிக்கை. அன்றைக்குப் போகவில்லை.

இறுதி நிறுத்தம் கிரேஃப்ரையர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டம். எசமான் கல்லறையைக் காத்துக்கிடந்ததாகச் சொல்லப்படும் நாய்க்கு வெளியே தெருமுனையில் சிலை இருக்கிறது. உள்ளே ஹாரி பாட்டர் கதையின் வில்லன் பெயரை ஒத்த ஒருவரின் கல்லறையைத் தேடிப் பகலெல்லாம் கூட்டம் அலைகிறது. கதையில் மட்டுமே வாழ்ந்த ஒருவருக்கு உண்மையான சமாதியில் அஞ்சலி! சில கல்லறைகளின் மேல் இரும்புக் கூண்டுகள். உடற்கூறு வகுப்புகளுக்குப் பிணம் திருடி விற்ற காலத்தில் செத்தவரைக் காக்கப் போட்ட பூட்டு அது. கூண்டருகே பர்க், ஹேர் இருவரின் கதை வந்தது. ஒரு திருத்தம்: அவர்கள் கல்லறை தோண்டியவர்கள் அல்லர். 1828 இல் ஏழைகளும் ஆதரவற்றவர்களுமான பதினாறு பேரைக் கொன்று, புதைக்கும் முன்பே மருத்துவர் நாக்ஸின் உடற்கூறுப் பள்ளிக்கு விற்றவர்கள். கூண்டு வாங்கப் பணம் உள்ளவர்கள் பிழைத்தார்கள், இறந்த பிறகும். பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவன் எலும்புக்கூடு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. கொன்றவனின் எலும்பைப் போய்ப் பார்க்கலாம். கொல்லப்பட்ட பதினாறு பேருக்கு இந்த ஊரில் கல்லறை இருப்பதாக யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

தோட்டத்தின் ஒரு மூலையில் பூட்டிய இரும்புக் கதவு. வழிகாட்டியிடம் சாவி இருந்தது. உள்ளே இருபுறமும் கூரையிட்ட கல்லறை மாடங்கள். இதற்கு ‘உடன்படிக்கையாளர் சிறை’ என்று பெயர். கதவுக்கு வெளியே, சற்றுத் தள்ளி, சர் ஜார்ஜ் மெக்கன்சியின் குவிமாடச் சமாதி இருக்கிறது. 1691 இல் இறந்த இவர் மன்னரின் தலைமை வழக்கறிஞர். உடன்படிக்கையாளர்களை வேட்டையாடியதால் ‘இரத்த மெக்கன்சி’ என்று ஊர் பெயர் வைத்தது. பேய்நடையின் நாயகர் இவர்தான். 1998 இறுதியில் வீடற்ற ஒருவர் மழைக்கு ஒதுங்கி இந்தச் சமாதிக்குள் புகுந்தார், தளம் சரிந்து எலும்புகள் மேல் விழுந்தார், மெக்கன்சி விழித்துக்கொண்டார் என்று கதை. அதன் பிறகு வந்தவர்களுக்குக் கீறல், காயம், மயக்கம். நகராட்சி சிறைப் பகுதியைப் பூட்டிவிட, வழிகாட்டியுடன் மட்டுமே நுழையலாம் என்றாயிற்று. பூட்டு போட்டதும் கதைக்கு விலை ஏறியது.

ஒரு மாடத்துக்குள் எங்களை நெருக்கி நிறுத்தினார். யார் யார் எங்கெங்கே கீறப்பட்டார்கள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். குரல் அடங்கிய நொடியில் இருட்டிலிருந்து முகமூடி அணிந்த ஒருவன் அலறிக்கொண்டு பாய்ந்தான். கூட்டம் முழுதும் வீறிட்டது. நாங்களும் வீறிட்டோம். இரண்டு பட்டமேற்படிப்புகள் அந்த நேரத்தில் எந்தத் துணைக்கும் வரவில்லை. பிறகு எல்லோரும் சிரித்து, கைதட்டி, வெளியே வந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்:

“மாமா, இங்க அடைச்சு வச்சுச் செத்தவங்க யாரும் பேயா வரலையா? அடைச்சு வச்சவர்தான் வர்றாரா?”

“என்னைக் கேட்காதே, அத்தையைக் கேள். வரலாறு அவள் பாடம்” என்று தப்பிக்கப் பார்த்தோம். அத்தையிடமும் பதில் இல்லை.

எங்கள் நாட்டார் மரபில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கூர்மை உடனே புரியும். தென்தமிழ்நாட்டுச் சிறுதெய்வங்களில் எத்தனை பேர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள்! கொன்றவன் வீட்டாரே பயந்து கல் நட்டுப் படையல் வைத்த கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. கொலையுண்டவர் திரும்பி வருவார், கணக்குக் கேட்பார் என்பதுதான் அங்கே அச்சத்தின் ஊற்று. அந்த அச்சத்துக்குள் ஓர் நீதி இருக்கிறது. எடின்பரோவில் வழக்கறிஞர் திரும்பி வருகிறார். செத்த பிறகும் அவர்தான் தண்டிக்கிறார். கைதிகளுக்குப் பேயாகும் உரிமைகூடக் கிடைக்கவில்லை.

பேய்க்கு ஒரு முகவரி தேவைப்படுகிறது போலும். மெக்கன்சிக்குக் குவிமாடம் இருக்கிறது, பெயர் பொறித்த கல் இருக்கிறது, கூட்டத்தை நிறுத்தி விளக்கைத் தூக்கிக் காட்ட ஒரு கதவு இருக்கிறது. திறந்த புல்வெளியில் கிடந்தவர்களுக்கு என்ன இருக்கிறது?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெக்கன்சிக்கே இந்த நடை நியாயம் செய்யவில்லை. எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்தை நிறுவியவர் அவர். அந்த நூலகத்திலிருந்துதான் 1925 இல் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிறந்தது. சூனிய வழக்குகளில் சிக்குபவர்கள் பெரும்பாலும் ஏதுமறியாத ஏழைகள், வதையால் பேச வைக்கப்படுபவர்கள் என்று 1678 இல் குற்றவியல் சட்டம் பற்றிய தம் நூலில் எழுதியவரும் அவரே. மேட்டுத்தெருவில் எரிந்த பெண்களுக்காக ஐயத்தை எழுப்பிய அதே பேனா, இங்கே நூற்றுக்கணக்கானோரைத் தொலைத்தது. இப்படிப்பட்ட மனிதர் எந்தப் பேயைக் காட்டிலும் அச்சமூட்டுபவர் அல்லவா? படித்தவர், பண்பட்டவர், புத்தகம் சேர்ப்பவர். ஆணை வந்தால் கையெழுத்திடுபவர். அவரைக் கீறுகிற பேயாக்குவது அவரைக் குறைத்துவிடுவதுதான்.

பேய்நடையே கூடாது என்பது எங்கள் கட்சி அன்று. மழையிலும் குளிரிலும் முப்பது பேர் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள். எங்கள் வரலாற்றுக் கருத்தரங்குகளுக்குப் பணம் கொடுத்தாலும் வருவதில்லை. ‘உடன்படிக்கையாளர்’ என்ற சொல்லை அன்று இரவுதான் அவர்களில் பலர் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். எங்கள் வழக்கு வேறு. சொல்வதற்கு உண்மையிலேயே நடுங்கவைக்கும் கதை கையில் இருக்கும்போது, ஏன் முகமூடிக்காரனை நம்ப வேண்டும்? மேரி கிங் சந்திலும் இதையேதான் கண்டோம். 1645 கொள்ளைநோயில் அங்கிருந்தவர்களை உயிரோடு சுவர் வைத்து மூடிவிட்டார்கள் என்பது ஊரறிந்த புளுகு. ஒதுக்கி வைக்கப்பட்ட வீடுகளுக்கு நகரத்தார் உணவும் எரிபொருளும் கொடுத்து வந்தார்கள் என்பதே வரலாறு. சாவு புகுந்த வீட்டு வாசலில் அப்பத்தை வைத்துவிட்டு விலகிப் போகும் ஒரு கை! எந்தக் கதை பெரியது?

கூட்டம் கலைந்தது. தோட்டத்து வாயிலில் வழிகாட்டி சாவிக்கொத்தைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். முகமூடியைக் கழற்றிவிட்ட பையன் பக்கத்தில் உருளை வறுவல் தின்றுகொண்டிருந்தான். எங்கள் மருமகள் நேராகப் போய் எங்களிடம் கேட்ட கேள்வியை அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தாம் வரலாறு படித்தவர் என்றும், அதைச் சொல்லப் பத்து நிமிடம் ஆகும் என்றும், அடுத்த குழு வருவதற்குள் முடியாது என்பதால் சொல்வதில்லை என்றும் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அடுத்த குழு இல்லை. சொல்லத் தொடங்கினார்.

அங்கியில்லாத குரல் அது. 1638 இல் இதே தேவாலயத்தில்தான் உடன்படிக்கையில் மக்கள் கையொப்பமிட்டார்கள், திருச்சபையின் தலைமை மன்னருக்கு உரியதன்று என்பது அவர்களது பிடிவாதம் என்று ஆரம்பித்தார். 1679 ஜூன் 22 அன்று பாத்வெல் பாலத்துப் போரில் அவர்கள் தோற்றதும், ஏறத்தாழ 1,200 பேரை எடின்பரோவுக்கு நடத்தி வந்து, அவர்களில் பல நூறு பேரை இந்தத் தோட்டத்தை ஒட்டிய திறந்த வெளியில் அடைத்தார்கள். கூரை இல்லை. இப்போது பூட்டியிருக்கும் பகுதி அந்த வெளியில் ஒரு துண்டுதான். மாடங்களெல்லாம் பின்னால் வந்தவை. மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று கையொப்பமிட்டவர்களை விடுவித்தார்கள். மறுத்தவர்கள் நான்கு மாதங்களுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் பனியிலும் கிடந்தார்கள். சிலர் இறந்தார்கள். நவம்பரில் எஞ்சியிருந்த 257 பேரை, அமெரிக்கக் குடியேற்றங்களில் கொத்தடிமைகளாக விற்பதற்காகக் கப்பலேற்றினார்கள். டிசம்பர் 10 இரவு, ஆர்க்னித் தீவின் பாறைகளில் கப்பல் மோதியது. கைதிகள் அடித்தளத்தில் இருந்தார்கள். மேலே வரும் வழி அடைக்கப்பட்டிருந்தது. கரை சேர்ந்தவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். 1888 இல் அந்தக் கடற்கரையில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள்.

“அங்கே போயிருக்கிறீர்களா?” என்று கேட்டோம்.

போயிருக்கிறார். காற்று ஓயாது அடிக்கும் இடம், சுற்றிலும் மேய்ச்சல் நிலம், மாடுகளைத் தவிர யாருமில்லை என்றார்.

உருளை வறுவல் தின்ற பையன் தின்பதை நிறுத்தியிருந்தான். இரண்டு ஆண்டுகளாக இந்த மாடத்திலிருந்து தினமும் பாய்ந்துகொண்டிருப்பவன், இதைத் தான் கேட்டதே இல்லை என்றான். வழிகாட்டி கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாங்கள் நால்வரும் அந்தச் சிறுமியும் ஒன்றும் பேசாமல் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்தே நடந்தோம்.